மோனிகாவின் வால்ட்ஸ்

1951இல் ஸ்டாக்ஹோமுக்கு வந்திருந்த அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ், உள்ளூர் இசைக்காரர்களோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒரு ஸ்வீடிஷ் நாட்டுப்பாடலை ஜாஸாக வாசித்துப் பதிவு செய்தார். வேர்ம்லாண்ட் என்னும் காட்டு மாகாணத்தின் அழகைப் பாடும் பழைய பாட்டு அது. அமெரிக்காவில் அந்த மெட்டு 'டியர் ஓல்ட் ஸ்டாக்ஹோம்' என்ற பெயரில் பரவியது. மறு ஆண்டே மைல்ஸ் டேவிஸும் அதை வாசித்தார். உலகெங்கும் ஜாஸ் மேடைகளில் அந்த மெட்டு இன்றும் ஒலிக்கிறது. ஆனால் வேர்ம்லாண்டின் பெயர் அதிலிருந்து உதிர்ந்துபோயிற்று. ஸ்வீடிஷ் வரிகளும் கூடவே போயின.

கெட்ஸ் அதை வாசித்த அந்த ஆண்டில், அதே வேர்ம்லாண்டில் ஹாக்ஃபோர்ஸ் என்ற சிறிய இரும்பாலை ஊரில் ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமி அமெரிக்க ஜாஸ் பாடல்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பெயர் ஈவா மோனிகா நில்சன். 1937 செப்டம்பர் 20 அன்று பிறந்தவள். அப்பா நடனக் குழு வைத்திருந்த இசைக்காரர். வானொலியிலும் இசைத்தட்டுகளிலும் கேட்ட ஆங்கில வரிகளுக்கு அவளுக்கு முழுப் பொருள் தெரியாது. ஒலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே பாடினாள். அப்பாவின் குழுவில் பாட்டு, பிறகு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை, சின்ன வயதிலேயே கல்யாணம், ஒரு மகள். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. அதன் வழியே வந்த செட்டர்லுண்ட் என்ற குடும்பப் பெயர் மட்டும் கடைசிவரை அவரோடு இருந்தது.

ஸ்வீடனுக்கு ஜாஸ் புதிதல்ல. லூயி ஆம்ஸ்ட்ராங் 1933லேயே வந்து வாசித்துவிட்டுப் போனார். டியூக் எலிங்டன் தன் நாற்பதாவது பிறந்தநாளை 1939 ஏப்ரலில் ஸ்வீடன் பயணத்தில்தான் கொண்டாடினார். இரண்டாம் உலகப் போரில் நாடு நடுநிலையாக இருந்ததால், ஜெர்மானியர் பிடித்த அண்டை நாடுகளில் ஜாஸுக்கு நேர்ந்த நெருக்கடி அங்கே இல்லை, நடனக்கூடங்கள் இயங்கின. 1940இல் 'ஸ்விங் இட், மாகிஸ்தெர்ன்' என்ற படத்தில் பள்ளி மாணவியாக வந்து ஸ்விங் பாடிய ஆலிஸ் பாப்ஸை இளைஞர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினார்கள். பாதிரியார்கள் கண்டித்தார்கள். ஆக, ஸ்வீடிஷ் மொழியில் ஜாஸ் பாடிய முதல் ஆள் மோனிகா அல்ல. பாப்ஸின் அந்தப் பாட்டில் துள்ளலும் குறும்பும் இருந்தன. காதல் தோல்வியையும் நள்ளிரவுத் தனிமையையும் ஜாஸில் சொல்ல வேண்டுமென்றால் பாடகர்கள் ஆங்கிலத்துக்குத்தான் போனார்கள். மோனிகாவும் அப்படித்தான் தொடங்கினார்.

1957இல் டென்மார்க்கில் இப் கிளிண்டெமன் இசைக்குழுவோடு பாடினார். அடுத்து ஸ்டாக்ஹோமின் புகழ்பெற்ற நடனக்கூடமான நாலெனில், ஆர்னே டொம்னேருஸ் குழுவில் இடம் கிடைத்தது. 1958இல் வந்த 'ஸ்வீடிஷ் சென்சேஷன்' ஆல்பத்தில் அவர் பாடியது அமெரிக்கப் பாடல்களை. கேட்டால் குறை சொல்ல முடியாது. தாளத்தின் மேல் சாய்ந்தும் விலகியும் போகும் அந்த லாவகம் இருபது வயதிலேயே வந்திருக்கிறது. ஆனால் அப்படிப் பாடக்கூடியவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள்.

அவரை வேறு ஆளாக்கியவர் பெப்பே வோல்கெர்ஸ். கவிஞர், நடிகர், பாட்டெழுதுபவர், எல்லாமும் அவரே. ஒரு பழைய அமெரிக்கப் பாட்டின் மெட்டுக்கு அவர் ஸ்வீடிஷில் வரிகள் எழுதினார். மூலப்பாட்டில் ஒருவன் காதலியை வீடு வரை நடத்திக் கூட்டிப்போகிறான். வோல்கெர்ஸ் அந்த ஜோடியை ஸ்டாக்ஹோமின் தெருக்களில் மெல்ல நடக்கவிட்டார். 'சக்தா வி கோ கெனோம் ஸ்தான்' என்ற அந்தப் பாட்டு 1960களின் தொடக்கத்தில் வெளிவந்து, தலைநகரின் சொந்தப் பாட்டாகவே ஆகிவிட்டது. இதை வெறும் மொழிபெயர்ப்பு என்று தள்ளிவிடுவது பெரிய தவறு. மெட்டு அமெரிக்காவுடையதுதான், பாட்டில் வரும் ஊரும் இரவும் பேச்சும் ஸ்டாக்ஹோம்காரர்களுடையவை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த பெண், இப்போது தனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிகிற பாட்டைப் பாடினார். குரலே மாறிவிட்டது. சொற்களை இழுத்து அலங்கரிப்பதைக் குறைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடத் தொடங்கினார்.

இந்த வழி எல்லோரையும் உடனே கவர்ந்துவிடவில்லை. 1963 மார்ச்சில் லண்டனில் நடந்த யூரோவிஷன் போட்டிக்கு ஸ்வீடனின் சார்பில் மோனிகா போனார். வோல்கெர்ஸ் வரிகள் எழுதிய 'என் கோங் இ ஸ்டாக்ஹோம்', ஸ்டாக்ஹோமின் ஓர் இரவை நினைத்துப் பாடும் மெதுவான ஜாஸ் பாட்டு. கிடைத்த புள்ளிகள் பூஜ்ஜியம். கோப்பை டென்மார்க்குக்குப் போனது. ஒரு பாடகியின் வாழ்க்கையை முடித்துவைக்கக்கூடிய அடி அது. ஆனால் அந்தப் பாட்டு பிற்பாடு அவருடைய ரசிகர்கள் மிகவும் விரும்பிக் கேட்பவற்றில் ஒன்றானது. அன்றைய நடுவர்களின் காதுக்கு எட்டாத ஏதோ ஒன்று அதில் இருந்திருக்கிறது.

அடுத்த ஆண்டு அதற்கான பதில் வந்தது.

பியானோ மேதை பில் இவான்ஸ் 1950களில் தன் அண்ணன் மகள் டெபிக்காக ஒரு சின்ன வால்ட்ஸ் எழுதியிருந்தார். 1956லேயே அதைத் தனியாக வாசித்துப் பதிவு செய்தார். 1961 ஜூனில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் தன் மூவர் குழுவோடு வாசித்தபோது அது ஜாஸ் வரலாற்றில் இடம்பிடித்தது. அந்த வாசிப்பு முடிந்து பதினோரு நாளில் அவருடைய பேஸ் கலைஞர் ஸ்காட் லஃபேரோ கார் விபத்தில் இறந்தார். இவான்ஸ் மாதக்கணக்கில் ஒடுங்கிக் கிடந்தார். வோல்கெர்ஸ் இந்த வால்ட்ஸுக்கும் ஸ்வீடிஷ் வரிகள் எழுதினார். தலைப்பே 'மோனிகாஸ் வால்ஸ்', மோனிகாவின் வால்ட்ஸ்.

1964 ஆகஸ்ட் 29 அன்று இவான்ஸும் பேஸ் கலைஞர் சக் இஸ்ரேல்ஸும் டிரம்ஸ் கலைஞர் லாரி பங்கரும் ஸ்டாக்ஹோமில் மோனிகாவோடு ஸ்டுடியோவுக்குள் போனார்கள். அன்று பதிவானவற்றிலிருந்து 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்ற ஆல்பம் உருவானது. மொத்தம் பத்துப் பாட்டு. ஹெரால்ட் ஆர்லெனின் 'கம் ரெய்ன் ஆர் கம் ஷைன்', லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் 'சம் அதர் டைம்' போன்ற அமெரிக்கப் பாடல்கள் ஒரு பக்கம். 'யாக் வெட் என் டெய்லிக் ரோசா', 'விந்தார்னா சுக்கா' போன்ற பழைய ஸ்வீடிஷ் நாட்டுப்பாடல்கள் இன்னொரு பக்கம்.

இந்த ஆல்பத்தை நிதானமாகக் கேட்க வேண்டும். இவான்ஸின் வாசிப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. இடது கையால் அடிஸ்வரத்தை அழுத்தாமல் பேஸ் கலைஞரிடம் விட்டுவிடுவார். நடுவிலுள்ள சில ஸ்வரங்களை மட்டும் நெருக்கமாகச் சேர்த்துத் தொடுவார். அதனால் பாடுகிறவருக்கு நிறைய இடம் கிடைக்கும், ஆனால் பிடித்துக்கொள்ள வலுவான கம்பி எதுவும் இருக்காது. சாதாரணப் பாடகர்கள் அந்த வெற்றிடத்தைக் கண்டு பயந்து குரலை உயர்த்துவார்கள். மோனிகா தாழ்த்துகிறார். நாட்டுப்பாடலில் குரல் அதிகம் அதிர்வதில்லை. ஒவ்வொரு சொல்லும் முடியும் இடத்தில் ஒரு சிறு மூச்சு கேட்கிறது. கிராமத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த ஒரு ரோஜாப் பாட்டுக்கு, அமெரிக்க மூவர் குழு பக்கவாத்தியம் வாசிக்கிறது. கெட்ஸின் கையில் வார்த்தைகளை இழந்த நாட்டுப்பாடல் மரபு, பதின்மூன்று ஆண்டு கழித்து இந்த வேர்ம்லாண்ட் பெண்ணின் வாயில் வார்த்தைகளோடு திரும்பி வந்தது என்றே சொல்ல வேண்டும்.

இவான்ஸ் பாடகர்களோடு சேர்ந்து தன் பெயரில் போட்ட ஆல்பங்கள் மிகக் குறைவு. மோனிகாவோடு ஒன்று, 1970களில் டோனி பென்னட்டோடு இரண்டு. பென்னட் ஆல்பங்களுக்குப் புகழ் அதிகம். ஆனால் எனக்குக் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றே என்றால் ஸ்டாக்ஹோம் பதிவைத்தான் எடுப்பேன். பென்னட் பாட்டை ஆளுகிறார். மோனிகா பியானோவைக் கேட்டுக்கொண்டே பாடுகிறார்.

அதே 1964இல் பியானோ கலைஞர் யான் யோஹான்சன் ஸ்வீடிஷ் நாட்டுப்பாடல்களை பேஸ் ஒன்றை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்த 'ஜாஸ் போ ஸ்வென்ஸ்கா' ஆல்பமும் வெளிவந்தது. நாட்டில் மிக அதிகம் விற்ற ஜாஸ் ஆல்பங்களில் அது ஒன்று. கடன் வாங்கிய இசையில் தங்கள் மண்ணைப் பேசவைக்கும் ஆசை அன்று பலருக்கும் இருந்தது என்பதற்கு இந்த இரண்டு ஆல்பங்களே சாட்சி.

பிறகு மோனிகாவை ஜாஸ் என்ற ஒரு பெட்டிக்குள் அடைக்க முடியவில்லை. ஹாஸே, டாகே என்று நாடே செல்லமாக அழைத்த நகைச்சுவை இரட்டையரின் மேடை நிகழ்ச்சிகளிலும் படங்களிலும் நடித்தார். 1971இல் யான் ட்ரோயல் எடுத்த 'உத்வாந்த்ரார்னா' படத்தில், ஊரார் ஒதுக்கிவைத்த முன்னாள் விலைமகள் உல்ரிகாவாக வந்தார். பஞ்சத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறும் ஸ்வீடிஷ் விவசாயிகளின் கதை அது. அந்தப் பாத்திரம் அவருக்கு நாட்டின் உயரிய திரைப்பட விருதான குல்ட்பாக்கேயை வாங்கித் தந்தது. பாட்டும் நிற்கவில்லை: பியானோ கலைஞர் ஸ்டீவ் கூனோடு 'சிக்கன் ஃபெதர்ஸ்', தாட் ஜோன்ஸ், மெல் லூயிஸ் பெரும் குழுவோடு ஓர் ஆல்பம், பின்னாளில் 'வர்சாம்ட்'.

முதுகெலும்பு வளைவு அவரை வெகுகாலம் வாட்டியது. வலி முற்றி, 90களின் இறுதியில் மேடையை விட்டு விலகினார். 2005 மே 12 அன்று ஸ்டாக்ஹோமில் அவருடைய வீட்டில் பிடித்த தீயில் இறந்தார். வயது 67.

2013இல் பெர் ஃப்ளி இயக்கிய 'மோனிகா இஸட்' படம் அவர் கதையைச் சொன்னது. நாயகியாக நடித்தவர் எடா மாக்னாசன் என்ற பாடகி. பாடல்களையும் அவரே பாடினார், குல்ட்பாக்கேயும் வென்றார். மோனிகா உயிரோடிருந்தபோது பிறந்திராத பிள்ளைகள்கூட அந்தப் படத்தின் வழியே அவருடைய பாடல்களைத் தெரிந்துகொண்டார்கள். இவான்ஸின் அண்ணன் மகளுக்காக எழுதப்பட்ட அந்த வால்ட்ஸ், ஸ்வீடனில் பலருக்கு இன்று மோனிகாவின் பாட்டு.