அனாகைம் டக்ஸ் அணியின் பொது மேலாளர்கள்

அனாகைம் டக்ஸ், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த பனி ஹாக்கி அணி ஆகும். இது 1993 முதல் தேசிய ஹாக்கி லீக்கில் ஆடி வருகிறது. வீரர்களைத் தேர்வு செய்வதும் பிற அணிகளுடன் மாற்றிக்கொள்வதும் பொது மேலாளரின் பொறுப்பு. களத்தில் அணியை நடத்துபவர் பயிற்சியாளர். மேலாளரை அவரது பதவிக்கால வெற்றி தோல்விகளைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கம். இதிலுள்ள சிக்கலுக்கு இவ்வணி 2007 இல் வென்ற ஸ்டான்லி கோப்பை நல்ல எடுத்துக்காட்டாகும்.

2007 வெற்றியில் மேலாளர்களின் பங்கு

கோப்பையை வென்றபோது மேலாளராக இருந்தவர் பிரையன் பர்க். ஆனால் ரையன் கெட்ஸ்லாஃப் (19 ஆவது), கோரி பெர்ரி (28 ஆவது) ஆகியோரை 2003 இளம் வீரர் தேர்வில் எடுத்தவர் முன்னாள் மேலாளர் பிரையன் மரே. கோல் காப்பாளர் ஜிகேர் அதற்கும் முன்பே, 2000 இல், பியேர் கோத்தியே காலத்தில் சேர்ந்தவர். 18 வயதில் தேர்வாகும் வீரர் முதிர்ச்சி பெறச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் மேலாளரே மாறிவிடுவதுண்டு.

பர்க்கின் பங்கும் சிறிதன்று. தற்காப்பு வீரர் ஸ்காட் நீடர்மேயரை 2005 இல் ஒப்பந்தம் செய்தார். தம்பி ராப் ஏற்கெனவே இவ்வணியில் இருந்தது அதற்கு உதவியது. ராபைக் கொண்டுவந்தவரும் மரேயே. 2006 இல் எட்மன்டன் அணியிடமிருந்து கிறிஸ் பிராங்கரைப் பெற்றபோது, மரே 2002 இல் தேர்வு செய்திருந்த ஜாஃப்ரி லூப்புலையும் வருங்காலத் தேர்வு உரிமைகளையும் பர்க் விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

மரே 2004 இல் விலகி ஒட்டாவா செனட்டர்ஸ் அணியின் பயிற்சியாளரானார். 2007 இறுதிச் சுற்றில் டக்ஸிடம் 4-1 என்ற ஆட்டக் கணக்கில் தோற்றது அவ்வணியே.