போதையில் போட்ட கையெழுத்தும் போதையில் தந்த சம்மதமும்

பி.காம். படிப்பவர்களுக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் புதிதல்ல. அதன் 12-ஆம் பிரிவில் ஓர் உதாரணம் வரும். விதிமுறைகள் புரியாத அளவுக்குக் குடித்திருப்பவர், போதை தெளியும் வரை ஒப்பந்தம் செய்ய முடியாது. ஏற்காட்டுக்காரர் ஒருவர் தலைகால் புரியாத போதையில் காப்பித் தோட்டத்தை விற்பதாகக் கையெழுத்துப் போட்டால் அது செல்லாது!

சரி, தோட்டத்துக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு பெண்ணின் உடலுக்கு எப்போது வந்தது?

1845-லேயே இங்கிலாந்தில் கேம்ப்ளின் வழக்கு நடந்தது. ஒரு சிறுமிக்கு மது கொடுத்து, அவள் நினைவிழந்தபின் உறவு கொண்டது வன்புணர்ச்சியே என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். 1860-இல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்திலும், போதையில் விளைவு புரியாமல் தரும் சம்மதம் சம்மதமல்ல என்று 90-ஆம் பிரிவு பொதுவாகச் சொன்னது. ஆனால் வன்புணர்ச்சியை வரையறுத்த 375-ஆம் பிரிவில் போதை என்ற சொல்லே கிடையாது.

அது வந்தது 1983-இல். அதுவும் வேறொரு வழக்கின் கோபத்தில். 1972-இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதாக ஒரு பழங்குடிப் பெண் புகார் செய்தாள். உடலில் காயமில்லை, அவள் எதிர்க்கவில்லை என்று சொல்லி 1978-இல் உச்ச நீதிமன்றம் இரு காவலர்களையும் விடுவித்தது. உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-இல் திறந்த கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். காவலில் நடக்கும் வன்முறைக்காக வந்த திருத்தம் என்றுதான் எல்லோரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். போதைக்கான உட்பிரிவும் அதே திருத்தத்தில்தான் நுழைந்தது. ஒப்பந்தச் சட்டத்துக்கு 111 ஆண்டுகள் பின்னால்!

அந்த வாசகத்தைக் கவனியுங்கள். 'போதை' என்பது தனி. 'அவனோ, அவன் சார்பில் வேறொருவரோ கொடுத்த மயக்கப் பொருள்' என்பது தனி. ஆக, யார் ஊற்றிக் கொடுத்தது என்பது கேள்வியே இல்லை. "அவளும்தானே குடித்தாள்" என்ற வாதம் சட்டத்தின் முன் நிற்காது. அவன் குடித்திருந்தாலும் தப்ப முடியாது. தானாகக் குடித்தவனுக்கு, குடிக்காதவனுக்கு உள்ள அறிவு இருந்ததாகவே கொள்ளச் சொன்னது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு.

அதற்காக, குடித்திருந்தாலே சம்மதம் இல்லை என்றும் ஆகிவிடாது. அவளுக்குப் புரியும் நிலை இருந்ததா என்பதுதான் வழக்கு. சிக்கலும் அங்கேதான். ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் மணிக்கணக்கில் கரைந்துவிடும். புகாரோ பல நாள் கழித்து வரும். பிறகு தள்ளாடினாளா, வாந்தி எடுத்தாளா என்று சாட்சிகளிடம் குறுக்கு விசாரணை நடக்கும்.

எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதம் ஆகிவிடாது என்று 2013 திருத்தம் எழுதி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவில் இவை இரண்டும் அப்படியே இருக்கின்றன.