எந்திரங்களின் கதை – 17: ஓடப் பிறந்த தேர்

குலசேகரத்தில் பொழுது விடியும் முன்பே ரப்பர் மரங்களில் பால்வெட்டு தொடங்கிவிடும். பட்டையில் கத்தி கீறிய சாய்கோட்டில் பால் ஊறிச் சிரட்டையில் சொட்டும். அதை உறையவைத்து, ரோலரில் நசுக்கி, புகையில் உலர்த்தினால் ரப்பர் ஷீட். உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு டயருக்குத்தான் போகிறது. அதனால், புகழ்பெற்ற ஒரு காரின் கதையை இந்த ஊரில் நின்று சொல்வது பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

1906 லண்டன் ஒலிம்பியா கண்காட்சிக்கு பொறியாளர் ஹென்றி ராய்ஸின் புதிய 40/50 குதிரைத்திறன் கார் வந்தது. ஆறு சிலிண்டர் என்ஜின் என்றாலே அன்று பொறியாளர்களுக்குக் கலக்கம். நீளமான கிராங்க் ஷாஃப்ட் வேகத்தில் முறுக்கிக்கொண்டு அதிரும், முறிந்தும் போகும். ராய்ஸ் மும்மூன்று சிலிண்டர்களாக இரண்டு வார்ப்புகள் செய்தார். கிராங்க் ஷாஃப்டைத் தடிமனாக்கி, ஏழு பேரிங்குகள் மீது அமர்த்தினார். பம்பின் அழுத்தத்தால் எண்ணெய் உள்ளே பாய்ந்தது. அதிர்வு அடங்கியது.

அந்த வகையில் வெள்ளி நிறம் பூசிய ஒரு காருக்கு, அது சத்தமின்றி ஓடியதால் 'சில்வர் கோஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். 1907இல் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பில் அது 14,371 மைல் பழுதில்லாமல் ஓடியது. நிற்கவைத்தது டயர் மட்டும்தான். மொத்தம் 15,000 மைல் முடிந்ததும் பிரித்துப் பார்த்தார்கள். தேய்ந்த பாகங்களைப் புதிதாக்க ஆன செலவு இரண்டு பவுண்டுச் சொச்சம்!

அத்தகைய காரொன்றை ஹைதராபாத்தின் ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் வரவழைக்கச் சொன்னார். கார் வந்து சேரும் முன், 1911இல் அவர் மறைந்தார். காருக்கு மஞ்சள் நிற உடல், உள்ளே அரியணை போல உயர்ந்த இருக்கை. மகன் உஸ்மான் அலி கான் அதை விழா நாள்களுக்கு மட்டும் எடுத்தார். பல்லாயிரம் மைல் ஓடக்கூடிய என்ஜின் பல்லாண்டுகள் கொட்டகையில் கிடந்தது. இன்று சீரமைக்கப்பட்டு, சௌமஹல்லா அரண்மனையில் நிற்கிறது.

கார் ஓடித் தேய்வது கொஞ்சம். நின்று கெடுவது அதிகம். எண்ணெய் வடிந்த உலோகத்தைத் துரு பிடிக்கும். உடலின் மரச்சட்டம் ஈரத்தில் உளுக்கும். ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர் தட்டையாகும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்கி, வெடிப்பு விடவைக்கும்.

1971இல் மன்னர் மானியம் நின்றது. பல அரண்மனைக் கார்களைப் பராமரிக்க ஆளில்லாமல் போயிற்று. இழந்தது காரை மட்டுமன்று. சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தளர்ந்தது என்று சொன்ன மெக்கானிக்குகளின் காதையும் கையையும் சேர்த்தே இழந்தோம். பழைய காரைக் கண்ணாடிக்குப் பின்னால் துடைத்து வைத்தால் போதாது. என்ஜினைக் கிளப்பி, அதன் பக்கத்தில் ஓர் இளைஞனை நிறுத்த வேண்டும். பால்வெட்டும் அப்படித்தான்: எவ்வளவு ஆழம் கீறினால் மரம் நோகாது என்பதைக் குலசேகரத்தில் யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. மூத்தவர் கைபிடித்துக் காட்டியதுதான்.

(தொடரும்)