புள்ளலூர் வாணமும் நியூட்டனின் விதியும்

மைசூர் வாணங்களை, அதாவது அக்கால ராக்கெட்டுகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் ஆட்கள் நியூட்டனின் மூன்றாம் விதியை ஏட்டில் படிக்காவிட்டாலும் கைத்தொழிலாகக் கற்றிருந்தார்கள் என்பது ஒரு கட்சி. விதியைப் புத்தகத்தில் வைத்திருந்த ஆங்கிலேயர்தான் அந்த வாணத்தை அறிவியலாக்கினார்கள் என்பது எதிர்க்கட்சி. இரண்டுக்கும் அடியில் இருக்கும் அனுமானம் ஒன்றே: வாணம் முன்னேற அந்த விதி தேவைப்பட்டது என்பது. நடந்த வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1687இல் அச்சேறிய விதி வாணப் பட்டறையின் வாசலுக்கு வந்து சேரவே ஏறக்குறைய ஒன்றேகால் நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை வாணத்தை வளர்த்தவை இரும்பும், திரும்பத் திரும்பக் கொளுத்திப் பார்த்த அனுபவமும்தான்.

விதி சொல்வது என்ன? ஒரு பொருள் இன்னொன்றை எவ்வளவு விசையோடு தள்ளுகிறதோ, அதே அளவு விசையோடு, அதே கணத்தில், இரண்டாவது பொருளும் முதலாவதை எதிர்த்திசையில் தள்ளுகிறது. பரிசலிலிருந்து கரைக்குத் தாவுகிறவர் பரிசலைப் பின்னே தள்ளுகிறார். பரிசல் அவரை முன்னே தள்ளுகிறது. இரண்டு விசையும் சமம் என்றால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எதுவும் நகராதே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே பொருளின்மேல் விழும் விசைகள்தான் அப்படி அடித்துக்கொள்ளும். இங்கே ஒன்று பரிசலின்மேல் விழுகிறது, மற்றது தாவியவர்மேல் விழுகிறது. வாணத்திலும் இதுவே நடக்கிறது. குழல் சூடான வாயுவைப் பின்னே தள்ளுகிறது, வாயு குழலை முன்னே தள்ளுகிறது. வெளிக்காற்றுக்கு இந்தக் கொடுக்கல்வாங்கலில் பங்கே இல்லை. ஆனால் விதியை விளக்கும் இடத்தில் நியூட்டன் வாணத்தைத் தொடவில்லை. கல்லை இழுக்கும் குதிரையைச் சொன்னார். ரென், வாலிஸ், ஹைகன்ஸ் ஆகியோர் ஆராய்ந்த மோதல்களைச் சொன்னார். ஊசற்குண்டுகளை ஒன்றோடொன்று மோதவிட்டுத் தாமே செய்த சோதனைகளை விவரித்தார்.

அந்த ஊசல்தான் முதலில் போர்க்களத்தின் பக்கம் வந்தது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1742இல் வெளியிட்ட பீரங்கியியல் நூலில், தொங்கவிட்ட கனமான மரப்பலகையின்மேல் குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு தூரம் பின்னே ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடும் முறையை விளக்கினார். இதே ராபின்ஸ் வாணங்கள் எட்டும் உயரத்தையும் அளந்து எழுதியவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்து, 1751இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் இறந்துபோனார். விதியை அளவையாக மாற்றத் தெரிந்த ஒருவர், மைசூர் வாணம் பேர்பெறுவதற்கு முப்பது ஆண்டு முன்பே, அது பேர்பெறப்போகும் சீமைக்குப் பக்கத்திலேயே மடிந்தார். இதில் தலைவிதியின் விளையாட்டு எதையும் தேட வேண்டியதில்லை. கணக்கும் வாணமும் அக்காலத்தில் எவ்வளவு தொடர்பில்லாமல் இருந்தன என்பதற்கு இது ஒரு சான்று, அவ்வளவே.

மைசூர்க்காரர்கள் செய்த மாற்றம் குழலில் இருந்தது. காகிதக் குழலோ மூங்கில் குழலோ உள்ளே அழுத்தம் ஏறினால் வெடித்துவிடும். ஆகவே வெடிமருந்தை ஓரளவுக்கு மேல் கெட்டிக்க முடியாது. அடித்துத் தட்டிய இரும்புக் குழல் அந்த அழுத்தத்தைத் தாங்கியது. அழுத்தம் ஏற ஏற மருந்து வேகமாக எரியும். வாயு இன்னும் கடுமையாக வெளியே பாயும். அதற்கு ஈடாகக் குழலின்மேல் விழும் உந்துதலும் கூடும். குழலோடு கட்டிய நீண்ட மூங்கில் கழி அதை நிலைதடுமாறாமல் காத்தது. ஒரு கிலோமீட்டர் வரைக்கும் அதற்கு மேலும் அவை பாய்ந்தன. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது அதன் மருந்து வண்டிகள் வெடித்தன. அதற்குக் காரணம் வாணமா பீரங்கிக் குண்டா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. 1799 ஏப்ரலில், பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பில் இரவுத் தாக்குதலில் பின்வாங்க நேர்ந்ததில் வாணங்களுக்குப் பங்குண்டு. 2018இல் சிவமொக்கா மாவட்டம் நகராவில் தூர்ந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழல்கள் கிடைத்தன. இவ்வளவையும் செய்தவர்களுக்கு விதி உள்ளுணர்வாகத் தெரிந்திருக்காதா என்று கேட்கலாம். இரும்பு தாங்கும், காகிதம் தாங்காது என்று தெரிந்திருந்தது. எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு துளை என்று தெரிந்திருந்தது. இவை பெரிய அறிவுதான். ஆனால் வாணத்தைத் தள்ளுவது எது என்ற கேள்விக்கு என்ன விடை வைத்திருந்தாலும், தவறான விடையே ஆனாலும், அந்த வாணம் அதே தூரம்தான் போயிருக்கும்.

ஆங்கிலேயர் பக்கமும் கதை வேறல்ல. வாண வடிவமைப்பாளர் வில்லியம் காங்கிரீவ் லண்டனில் கிடைத்த நல்ல வாணங்களை வாங்கிச் சோதித்தபோது அவை 600 கஜத்தைத் தாண்டவில்லை. 1806 வாக்கில் அவருடைய இரும்புக்குழல் வாணங்கள் 3,000 கஜம் போயின. இந்த முன்னேற்றம் பட்டறைத் திறனாலும் இயந்திர வசதியாலும் வந்தது. நியாயமாக ஒன்றை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். பீரங்கி சுடும்போது அதன் பின்னுதைப்பு கப்பலின்மேல் விழுகிறது, வாணமோ ஏவிய இடத்தை உதைப்பதில்லை, ஆகவே சிறு படகிலிருந்தும் ஏவலாம் என்பதை அவர் தெளிவாகப் பிடித்திருந்தார். மூன்றாம் விதியை நன்றாக உணர்ந்த வாதம் இது. ஆனால் அது வாணத்தை எங்கே பயன்படுத்துவது என்று சொன்னதே ஒழிய, எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை. விதியை அடிப்படையாக வைத்து வாணத்தின் ஓட்டத்தைக் கணித்தவர் வூலிச் ராணுவக் கல்விக்கூட ஆசிரியர் வில்லியம் மூர். அவருடைய நூல் 1813இல் வந்து, விரைவில் மறக்கப்பட்டது. அதற்குள் காங்கிரீவ் வாணங்கள் கோபன்ஹேகனை எரித்து ஆறாண்டு ஆகியிருந்தது.

அப்படியானால் விதி வெறும் அலங்காரம்தானா? இல்லை. கொளுத்திப் பார்த்துக் கற்க முடியாத இடத்துக்கு வாணத்தை அனுப்ப நினைத்தபோது விதி இல்லாமல் ஓரடி நகர முடியவில்லை. 1903இல் ரஷ்யாவில் சியோல்கோவ்ஸ்கி, ராக்கெட் அடையும் வேகம் வாயு பாயும் வேகத்தையும், எரிபொருளோடும் எரிபொருள் தீர்ந்த பின்னும் அதற்குள்ள நிறைகளின் விகிதத்தையும் பொறுத்தது என்று எழுதியபோதுதான், விண்வெளிக்குப் போக எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கேட்கவே வழி பிறந்தது.

விதியை ஒப்பிக்கத் தெரிந்தால் போதாது என்பதற்கும் அதே காலத்தில் சான்று உண்டு. அமெரிக்காவின் ராபர்ட் கோடார்ட் 1915 வாக்கில் காற்று வெளியேற்றப்பட்ட குழாய்க்குள் சிறு ராக்கெட் அறைகளை எரியவிட்டு உந்துதலை அளந்தார். அந்த ஆய்வை ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்டதும், 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் அவரைக் கேலி செய்தது: வினைக்கும் எதிர்வினைக்கும் உள்ள உறவு அவருக்குத் தெரியவில்லையாம், வெற்றிடத்தில் ராக்கெட் எதை உதைத்து முன்னேறுமாம். விதியின் பேரைச் சொல்லியே விதியைத் தலைகீழாக்கிய வாக்கியம் அது. காற்று சூழ்ந்த பூமியில் பறந்த எந்த வாணமும் அந்தத் தவறைக் காட்டிக்கொடுத்திருக்க முடியாது. காற்றை உதைத்துப் பறக்கிறது என்று நம்பியவருக்கும் அது பறக்கத்தான் செய்தது. பத்திரிகை தன் திருத்தத்தை 1969 ஜூலை 17 அன்று, அப்பல்லோ 11 புறப்பட்ட மறுநாள், வெளியிட்டது. கோடார்டின் அளவைகளோ அதற்கு அரை நூற்றாண்டு முன்பே முடிந்தவை. வெற்றிடத்தில் உந்துதல் குறையவில்லை, கூடியது. பாய்ந்து வெளியேறும் வாயுவை இவ்வளவு காலமும் தடுத்துக்கொண்டிருந்ததே வெளிக்காற்றுதான்.