எஞ்சிய மண்: ஏலூரும் மோட்டார் காந்தமும்

ரிமோட்டில் ஓடும் மின் கார்களை மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் விரட்ட விரும்புவோர் மோட்டாரையும் பேட்டரியையும் தேர்ந்தெடுக்கப் போடும் கணக்குகளெல்லாம் கடைசியில் ஒரு சிறிய காந்தத்தின் வலிமையில் வந்து நிற்கின்றன. அந்தக் காந்தத்தின் உயிர்ப்பொருளான நியோடிமியம் என்னும் உலோகத்தின் இந்திய வரலாறு, கொச்சிக்கு வடக்கே பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே தீவாகக் கிடக்கும் ஏலூரின் தொழில் வரலாற்றோடு பிணைந்தது. நியோடிமியம், அருமண் தனிமங்கள் என்ற பதினேழு தனிமங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்றோடொன்று மிக நெருங்கிய வேதிக்குணம் கொண்ட இவை கனிமங்களில் கலந்தே கிடைப்பதால் தனித்தனியாகப் பிரித்தெடுப்பது கடினம். ஏலூரில் இதற்கான ஆலை 1952இலேயே எழுந்துவிட்டது. ஆனால் அன்று அங்கே வேண்டப்பட்டது தோரியம்தான். நியோடிமியம் அதன் பின்னால் வந்த மிச்சம்.

இந்த மிச்சத்தின் கதைக்கு வியன்னாவில் ஒரு தொடக்கம் உண்டு. கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் என்னும் ஆஸ்திரிய வேதியியலாளர், அதுவரை ஒரே தனிமமாகக் கருதப்பட்ட டிடிமியத்தை 1885இல் இரண்டாகப் பிரித்து, நியோடிமியம், பிரசியோடிமியம் என்று பெயரிட்டார். எரிவாயு விளக்கின் மேண்டிலுக்கு அவர் காப்புரிமை பெற்றதும் அதே ஆண்டில்தான். பிற்காலத்தில் கல்யாண ஊர்வலங்களிலும் தெருக்கூத்துக் களங்களிலும் சீறி எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை வலைப்பை அதன் வழித்தோன்றலே. தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்த கலவையே மேண்டிலுக்குப் பொருத்தமானது என்று 1891இல் அவர் கண்டபின், தோரியத்தைத் தேடி ஐரோப்பிய வணிகர்கள் தொலைதூரக் கடற்கரைகளைத் துழாவத் தொடங்கினர். நியோடிமியத்துக்கோ, கண்ணாடிக்கு ஊதா நிறம் ஏற்றுவது போன்ற சில்லறை வேலைகளைத் தவிர, நெடுங்காலம் ஒன்றும் வாய்க்கவில்லை.

அந்தத் தோரியத் தேடல் தமிழ் மண்ணையும் தொட்டது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமத்தை ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் அடையாளம் கண்டு, மணல் வந்த வழியைத் தொடர்ந்து மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார் என்று சொல்லப்படுகிறது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அந்த ஊர் அப்போது திருவிதாங்கூர் அரசின் ஆளுகையில் இருந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் ஷாம்பர்க் உளவாளி என்ற ஐயத்தில் கைது செய்யப்பட, தொழில் பிரிட்டிஷ் நிறுவனங்களின் கைக்கு மாறியது. திருவிதாங்கூர் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு. அருமண் ஆக்சைடுகளோ பாதிக்கும் மேல். அந்த அருமண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று நியோடிமியம் என்பதால், கப்பலேறிய ஒவ்வொரு மூட்டையிலும் தோரியத்துக்கு ஏறக்குறைய நிகரான நியோடிமியமும் சேர்ந்தே போயிற்று. விலை பேசப்பட்டது தோரியத்துக்கு மட்டும்தான்.

ஏலூர் ஆலைகளின் ஊரானது இதற்குப் பின்னர். பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940இல் இயங்கத் தொடங்கியதும், பெரியாற்று நீரும் கொச்சித் துறைமுகமும் அருகே இருந்ததும் தொழில்களை இப்பகுதிக்கு இழுத்தன. பக்கத்தில் அலுபுரத்தில் இந்தியாவின் முதல் அலுமினிய உருக்காலை 1943இல் இயங்கத் தொடங்கியது; திருவிதாங்கூர் திவான் சி. பி. ராமசாமி ஐயரின் ஊக்கத்தோடு, திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள் நிறுவனம் அதே ஆண்டில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலைக்கு அடித்தளமிட்டது.

அணுகுண்டுக்குப் பிறகு தோரியத்தின் மதிப்பு விளக்கிலிருந்து அணு ஆற்றலுக்குத் தாவியது. மோனசைட்டை வெளிநாட்டுக்கு அனுப்பாமல் உள்நாட்டிலேயே பிரிக்க வேண்டும் என்ற முடிவின்படி இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் கூட்டாக 1950 ஆகஸ்டில் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தன; அதன் ஏலூர் ஆலையை நேரு 1952 டிசம்பரில் திறந்துவைத்தார். ஆலைக்குள் நடந்த வேலை இது: மாவாக அரைத்த மோனசைட்டைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் காய்ச்சினால், அதிலுள்ள பாஸ்பேட் டிரைசோடியம் பாஸ்பேட்டாகக் கரைந்து பிரிய, தோரியமும் அருமண்களும் ஹைட்ராக்சைடுகளாக அடியில் தங்கும், அந்த வண்டலில் அளவாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அருமண்கள் மட்டும் குளோரைடாகக் கரைந்து வெளியேற, தோரியம் பின்தங்கும். அமிலம் சற்றுக் கூடினாலும் தோரியமும் சேர்ந்து கரைந்துவிடும் என்பதால் இந்தக் கட்டத்தில் கவனம் முழுதும் அமிலத்தின் அளவில்தான். தோரியம் அரசின் காப்பில் சேமிக்கப்பட்டது. அருமண் குளோரைடு, சிகரெட் லைட்டர் கல்லுக்கும் கண்ணாடி மெருகுத் தூளுக்கும் மூலப்பொருளாகப் போயிற்று. பிற்காலத்தில் கரைப்பான் பிரித்தெடுப்பு என்னும் முறை வந்தது. நீரோடு கலக்காத கரிமத் திரவமும் அருமண் கரைசலும் தொட்டி தொட்டியாகக் கலந்து கலந்து பிரிய, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு தனிமம் மற்றதைவிடச் சிறிதளவு முந்த, பல பத்துத் தொட்டிகள் தாண்டிய பிறகே நியோடிமியம் தனித்து நிற்கும்.

மிச்சம் முதலாக மாறியது 1980களில். ஜப்பானில் மசாத்தோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கிய நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம் 1983இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 மாதிரிக் காரைக் கொண்டுவந்தபோதும் அதற்குப் பின்னும் மின் மாதிரிக் கார்களுக்கு வழக்கமான மோட்டார்களில் இருந்தவை மலிவான ஃபெரைட் காந்தங்கள். நியோடிமியம் காந்தத்தின் ஆற்றல் அவற்றைப் போலப் பத்து மடங்களவு. அந்தப் பழைய மோட்டார்களில் சுழலும் கம்பிச்சுற்றுக்கு மின்சாரம் கொடுக்கக் கார்பன் பிரஷ்கள் உரசிக்கொண்டே இருக்கும். வேகம் கூடக் கூடப் பொறி பறந்து அவை தேயும். காந்தம் சிறுத்து வலுத்ததும், காந்தத்தைச் சுழலும் ரோட்டரில் வைத்து, சுற்றுகளை அசையாத உறையில் நிறுத்தி, மின்சாரத்தை எந்தச் சுற்றுக்கு எப்போது அனுப்புவது என்பதை மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியிடம் விடும் பிரஷ்லெஸ் மோட்டார் பொழுதுபோக்காளர் கைக்கும் எட்டியது.

அந்த மோட்டாரின் மேல் பொறித்திருக்கும் 'கே.வி.' என்பது கிலோவோல்ட் அன்று. சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே அதன் பொருள். ஒரு லித்தியம் பாலிமர் செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், மூன்று செல் கொண்ட 11.1 வோல்ட் பேட்டரியில் 4000 கே.வி. மோட்டார் 44,400 சுற்றுகளைத் தொடும், ஆறு செல்லில் 2000 கே.வி. மோட்டாரும் அதையே தொடும். வேறுபாடு மின்னோட்டத்தில் இருக்கிறது: அதே திறனுக்கு இரண்டாவது அமைப்பு பாதி மின்னோட்டமே கேட்கும், கம்பியிலும் இணைப்பிகளிலும் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அங்கே அது நான்கில் ஒன்றாகும். வேக ஓட்டத்துக்குக் கே.வி.யைக் கூட்டுவதைவிடச் செல்லைக் கூட்டுவதே அறிவுடைமை என்ற வழக்கம் இதிலிருந்து வந்தது. பேட்டரியின் 'சி' எண்ணைக் கொள்ளளவோடு பெருக்கினால் அது தரக்கூடிய மின்னோட்டம் கிடைக்கும். 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 40 சி என்றால் 200 ஆம்பியர். உறையில் அச்சிட்ட 'சி' எண்ணை அப்படியே நம்புவோர் குறைவு, நம்பாமல் இருப்பதே நல்லது. காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். அமெரிக்காவின் யூட்டாவில் 2014 அக்டோபரில் ஒரு பேட்டரி மாதிரிக் கார் மணிக்கு 325 கிலோமீட்டரைத் தொட்டுக் கின்னஸ் பதிவு பெற்றது என்றால், அது இந்த மும்மடிக் கணக்கோடு போராடி வாங்கிய வேகம்.

இந்தத் தேர்வுகளுக்கெல்லாம் மேலெல்லை வகுப்பது வெப்பம். சாதாரணத் தரத்து நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வலிமையை இழக்கத் தொடங்கும், ஆறிய பிறகும் இழந்தது முழுதாகத் திரும்பாது; அதனால்தான் வேக ஓட்டம் முடிந்ததும் மோட்டாரின் உறையில் வெப்பமானி வைத்துப் பார்க்கிறார்கள். இதைவிட உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும் தரங்களுக்குச் சிறிதளவு டிஸ்புரோசியம் சேர்க்க வேண்டும். அதுவும் ஓர் அருமண்தான். ஆனால் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவறா ஆகிய கடற்கரை மணல்களின் மோனசைட்டில் இலேசான அருமண்களே மிகுதி, டிஸ்புரோசியம் மிகச் சொற்பம். அது தாராளமாகக் கிடைப்பது தென்சீனத்தின் களிமண் படிவுகளில்.

சீனம் மலிவு விலையில் அருமண்களைச் சந்தையில் கொட்டியபோது மோனசைட்டைப் பிரிப்பது கட்டுப்படியாகாமல் போக, 2004இல் ஏலூர் ஆலை அந்த வேலையை நிறுத்தியது. ஊருக்கு அந்த நிறுத்தம் முழு இழப்பு என்று சொல்லிவிட முடியாது. அரை நூற்றாண்டாகப் பல ஆலைகளின் கழிவைச் சுமந்த குழிக்கண்டம் ஓடையையும் பெரியாற்றையும் பற்றிய வழக்குகளும் போராட்டங்களும் அந்த ஆண்டுகளில்தான் உச்சத்தில் இருந்தன. ஜப்பானுடனான பூசலின்போது 2010இல் சீனம் அருமண் ஏற்றுமதியை இறுக்கியதும் நிலைமை மாறியது. ஒடிசாவில் பிரித்த கலப்பு அருமண் குளோரைடைத் தனித்தனி ஆக்சைடுகளாகச் சுத்திகரிக்கும் பணி ஏலூருக்கு வந்தது. ஆனால் ஆக்சைடு என்பது காந்தம் ஆகாது. அதை உலோகமாக்கி, இரும்போடும் போரானோடும் உருக்கி, பொடித்து, காந்தப்புலத்தில் வரிசைப்படுத்தி அழுத்தி, சூளையில் இறுக்கும் கலையில் உலகின் பெரும்பங்கு சீனத்தின் கையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனம் காந்த ஏற்றுமதிக்கே உரிமம் கேட்டபோது இந்திய வாகனத் தொழில் தடுமாறியது. அவ்வாண்டு நவம்பரில் ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் நோக்கில் 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.