மெர்க்குரி செல்: தோற்றம் 1942

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போடுவார்கள். மெர்க்குரி செல்லுக்குத் தோற்றத்தில் குழப்பமில்லை: 1942, அமெரிக்கா. மறைவுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்கா 1996இல் சட்டம் போட்டு விற்பனையைத் தடை செய்தது. ஐரோப்பாவில் 2000இல் கதை முடிந்தது. நம் ஊரில் யாரும் அறிவிக்கவில்லை. "அது இப்ப வர்றதில்ல சார்" என்று கடைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

கேமராக்காரர்கள் அதை பி.எக்ஸ். 625 என்ற எண்ணால் அறிவார்கள். குறுக்களவு 15.6 மில்லிமீட்டர், உயரம் 6 மில்லிமீட்டர், ஓரத்தில் ஒரு படி. எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாதரசம். அப்படிப்பட்ட ஒன்று சந்தையை விட்டுப் போனது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இறந்துபோனவரின் தொழில் சுத்தத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் எழுந்துபோவது முறையல்ல.

எனக்கு அதோடு அறிமுகம் ஏற்பட்டது அதன் பிணத்தைப் பார்த்துத்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு யாஷிகா மேட் 124ஜி வாங்கினேன். "ஓடாது சார், ஷோகேஸ்ல வைங்க, அம்சமா இருக்கும்" என்று உண்மையைச் சொல்லித்தான் விற்றார். எழுபது, எண்பதுகளில் தமிழ்நாட்டில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் பலரும் இதன் எதிரே நின்றிருப்பார்கள். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்க்கிற கண்ணாடி, 120 ஃபிலிமில் சதுரம் சதுரமாக 12 படம். ஜப்பானில் 1970 முதல் 1986 வரை செய்தார்கள். ஜி என்றால் தங்கமாம். உள்ளே மின் தொடர்புகளுக்குத் தங்கமுலாம் பூசியதைக் குறிக்கிறதாம்.

திருவல்லிக்கேணியில் ஒரு மாடியறையில் கேமரா பழுதுபார்க்கும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஷட்டர் 1/125இல் அடித்தது. ஒரு வினாடி, அரை வினாடி என்று வைத்தால் பாதியில் திறந்தபடி நின்றது. மெதுவேகத்துக்கென்று உள்ளே ஒரு குட்டிப் பல்சக்கர வரிசை இருக்கிறது. அதற்கு விட்ட எண்ணெய் காய்ந்து பசையாகியிருந்தது. லென்ஸ் முகப்பைக் கழற்றி, லைட்டர் பெட்ரோலைத் துளித்துளியாக விட்டுக் கழுவி, காயவைத்து, திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். ஐந்தாறு முறைக்குப் பிறகு அந்த 'க்ர்ர்ர்' சத்தம் ஒரே சீராக வந்தது. மெதுவேக ஷட்டர் சரியாக ஓடுகிறதா என்பதைப் பாய் காதால்தான் தீர்மானிக்கிறார். குனிந்து பார்க்கும் கண்ணாடி ரசம் போயிருந்தது. பின்கதவு ஓரத்துப் பஞ்சு, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது. இதெல்லாம் வயதானால் எந்தக் கேமராவுக்கும் வருவது.

கடைசியாகப் பக்கவாட்டில் இருந்த பேட்டரி மூடி. நாணயத்தை வைத்துத் திருகினால் அசையவில்லை. மேலும் கொஞ்சம் பெட்ரோல் விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திருகினோம். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய் ஒரு செல் கிடந்தது.

"ஸ்டுடியோக்காரங்க மீட்டர் பார்ப்பாங்களா பாய்?"

"யார் பார்த்தா? வெயில்ல லெவன், நூத்திஇருவத்தஞ்சு. மண்டபத்துக்குள்ள ஃப்ளாஷ். பொண்ணு மாப்ள மூஞ்சி பளிச்சினு வரணும், அவ்ளோதான் தம்பி."

"அப்புறம் இந்த செல்லு?"

"கேமராவோட வந்ததா இருக்கும். போட்டதோட சரி, எவனும் தொறக்கவே இல்ல."

கசிந்திருந்தது காரம். வினிகரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்ததும் நுரைத்துக்கொண்டு கரைந்தது. கம்பி உள்ளுக்குள்ளேயே அரித்து இற்றுப்போயிருந்ததால் புதுக் கம்பி பற்றவைத்தார். பேட்டரி இருக்கும் இடத்தில் மின்சாரம் கொடுத்து டார்ச் அடித்ததும் மீட்டர் முள் துள்ளியது. மீட்டர் சாகவில்லை. அதற்கு வேண்டிய 1.35 வோல்ட்தான் உலகத்தில் இல்லை.

அந்த 1.35க்கு ஒரு பெருமை உண்டு. நாம் வாங்கும் அல்கலைன் செல் ஒன்றரை வோல்ட்டில் தொடங்கும். போகப் போக 1.4, 1.3, 1.2 என்று இறங்கிக்கொண்டே இருக்கும். டார்ச்சுக்கு அது போதும், மங்கினால் மாற்றிக்கொள்ளலாம். மெர்க்குரி செல் போட்ட அன்றும் 1.35, மாதங்கள் கழித்தும் 1.35. ஆயுளின் கடைசியில்தான் சட்டென்று விழும். காரணம் உள்ளே நடக்கும் வேதியியல். ஒருபுறம் துத்தநாகம், மறுபுறம் மெர்க்குரிக் ஆக்சைடு, நடுவில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. மின்சாரம் எடுக்க எடுக்கத் துத்தநாகம் ஆக்சைடாகும், மெர்க்குரிக் ஆக்சைடு வெறும் பாதரசமாகும். நடுவிலிருக்கும் காரம் மொத்தத்தில் செலவாவதே இல்லை. புதிதாக உண்டாகும் பாதரசமோ தானே ஒரு மின்கடத்தி, வழியை அடைப்பதில்லை. ரசத்தைக் கட்டுவதற்குச் சித்தர்கள் தலைமுறை தலைமுறையாக மெனக்கெட்டதாகச் சொல்வார்கள். இங்கே ஓர் எஃகு டப்பாவுக்குள் அது கட்டுண்டு கிடந்து ஒழுங்காக வேலை பார்த்தது.

அதைக் கண்டுபிடித்த சாமுவேல் ரூபன் மனதில் கேமரா இல்லை. அப்போது உலகப் போர். சாதாரண துத்தநாக-கரி செல்கள் வெப்ப நாடுகளின் புழுக்கத்தில் கிடங்கில் இருந்தபடியே கெட்டுக்கொண்டிருந்தன. வாக்கி-டாக்கிக்கும் கண்ணிவெடி தேடும் கருவிக்கும் வெயில் தாங்கும் செல் வேண்டியிருந்தது. ரூபன் வடிவமைத்ததை பி.ஆர். மல்லோரி நிறுவனம் தயாரித்தது. பின்னாளில் டியூராசெல் ஆனது அதுதான். போர் முடிந்ததும் செல் மக்களிடம் வந்தது: காது கேட்கும் கருவி, கைக்கடிகாரம். வில்சன் கிரேட்பாட்ச் வடிவமைக்க, 1960இல் மனித உடலுக்குள் வைக்கப்பட்ட பேஸ்மேக்கர் ஓடியதும் மெர்க்குரி செல்லில்தான். எழுபதுகளில் லித்தியம் வந்து அந்தப் பொறுப்பை ஏற்கும்வரை எத்தனையோ இதயங்களை அது தட்டிக்கொண்டிருந்தது.

கேமராவுக்கு அது வந்தது அறுபதுகளில், காட்மியம் சல்ஃபைடு மீட்டரோடு. வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் பொருள் அது. வெளிச்சம் கூடினால் மின்சாரம் கூடும், முள் நகரும். ஆனால் முள் உண்மை பேச வேண்டுமானால் பின்னாலிருக்கும் வோல்ட் அசையக் கூடாது. அதை நிலைநிறுத்தத் தனியாக ஒரு சர்க்யூட் வைக்கலாம். இடமும் காசும் ஆகும். பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, பேட்டரியையே அளவுகோலாக்கிவிட்டார்கள். கேனன் எஃப்.டி.பி., மினோல்டா எஸ்.ஆர்.டி. 101, ஒலிம்பஸ் ஓ.எம்.1, ரோலை 35, என் யாஷிகா எல்லாம் இந்த நம்பிக்கையில் பிறந்தவை. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கைச் செய்தவர்கள் மட்டும் சந்தேகப் பிராணிகள். வோல்ட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பாதிக்காத பாலச் சுற்று ஒன்றை வைத்தார்கள். அவர்கள் கேமராக்கள் இன்று எந்தச் செல்லைப் போட்டாலும் கவலைப்படுவதில்லை. மற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவ்வளவு நாணயமான ஒரு செல் ஒருநாள் கடையில் இல்லாமல் போகும் என்று 1966இல் யார் நினைப்பார்கள்?

தராசு அப்படியே இருக்க, எடைக்கல்லை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? அதே கதைதான். ஒன்றரை வோல்ட் செல்லைப் போட்டால் முள் கூடுதலாக நகர்ந்து, இல்லாத வெளிச்சத்தைக் காட்டும். அதை நம்பி ஷட்டரைக் கூட்டினால் நெகட்டிவ் வெளிறிப்போய் வரும். ஒரு ஸ்டாப் தப்பலாம், கூடவும் தப்பலாம். அதுவும் வெயிலில் ஒரு மாதிரி, நிழலில் வேறு மாதிரி. எப்போதும் ஒரே அளவு தப்பினால்கூடப் பழகிக்கொள்ளலாம்.

இனி மறைவுக்கான காரணம். தெற்கு ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்ற பூனைகள் வெறிபிடித்து ஆடிச் செத்தன. மீன் தின்ற மனிதர்களுக்குக் கைகால் முறுக்கிக்கொண்டது. 1956இல் அதிகாரபூர்வமாக நோய் என்று பதிவானது. கழிவு நின்றதோ 1968இல். நோய் பதிவான பிறகும் பன்னிரண்டு ஆண்டு விட்டிருக்கிறார்கள். 1971இல் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் மனைவி ஐலீனோடு அங்கே போய்த் தங்கிப் படமெடுத்தார். தாய் வயிற்றிலேயே நஞ்சேறிப் பிறந்த மகளை அம்மா குளிப்பாட்டும் அந்தப் படம் உலகத்துக்கு மினமாட்டாவை அறிமுகப்படுத்தியது. அவர் அங்கே பயன்படுத்திய கேமரா மினோல்டா எஸ்.ஆர்.டி. 101. பி.எக்ஸ். 625 போடுகிற கேமரா. ஸ்மித் மீட்டரைப் பார்த்தாரோ இல்லையோ, பாதரசத்தின் கொடுமையைப் பதிவு செய்த கேமரா பாதரசத்தில் ஓட வடிவமைக்கப்பட்டது. இதை நினைத்தால் எனக்கு இந்த இரங்கலை எழுதவே கை கூசுகிறது.

ஆலைக் கழிவு வேறு, செல் வேறு என்று வாதாடலாம். ஆனால் குப்பையில் விழும் செல் எரிந்தால் பாதரசம் ஆவியாகிறது. நீர்நிலைக்குப் போனால் நுண்ணுயிர்கள் அதை மீதைல் மெர்க்குரியாக்குகின்றன. மினமாட்டா மீன்களில் இருந்தது அதுதான். நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. கொடைக்கானலில் பாம்பார் சோலையின் விளிம்பில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் தோய்ந்த கண்ணாடிக் கழிவு 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2013இல் ஏற்கப்பட்ட பாதரச ஒப்பந்தத்துக்கு மினமாட்டாவின் பெயரையே வைத்தார்கள். இந்தியா அதை உறுதிசெய்தது 2018இல்.

மறைந்தவருக்கு வாரிசு இருக்கிறதா? அரைகுறையாக இரண்டு பேர். ஒன்று, 1.55 வோல்ட் தரும் சில்வர் ஆக்சைடு செல்லோடு ஒரு ஷாட்கி டயோடு. ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் டயோடு 0.2 வோல்ட் போலத் தின்றுவிட்டு மீதியை விடும். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் வெளிச்சம் குறைந்து மின்சாரமும் குறையும்போது டயோடு தின்பதும் குறைந்துவிடுகிறது. மாலை நேரத்தில் நம்ப முடியாது.

மற்றது, காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் செல். சுமார் 1.4 வோல்ட், ஏறக்குறைய சீராகவே இருக்கும். மேலே ஒட்டிய தாளை உரித்தால் துளை வழியாகக் காற்று புகுந்து வேலை தொடங்கும்; அதன்பின் பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் சில வாரங்களில் முடிந்துபோகும். 625ஐவிடச் சின்னது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். நான் இதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். காது மிஷின் விற்கும் கடையில் முதல் தடவை கேட்டபோது அங்கிருந்த பெண், "யாருக்கு சார், அப்பாவுக்கா? எந்தக் காது?" என்று பரிவோடு விசாரித்தார். கேமராவுக்கு என்றதும் முகம் மாறிவிட்டது. இப்போது அப்பாவுக்கு என்றே சொல்லி வாங்குகிறேன்.

அடக்கம் இன்னும் நடக்கவில்லை. பாய் அந்தப் பூத்த செல்லைக் குப்பைக்கூடையில் போடக் கை நீட்டினார். வாங்கி ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடினேன். 2022இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி வீட்டுக் குப்பையில் போடக் கூடாது, சேகரிப்பவரிடம் தர வேண்டும். இரண்டு இடத்தில் கேட்டேன். லேப்டாப் பேட்டரி, இன்வர்ட்டர் பேட்டரி என்றால் எடுத்துக்கொள்வார்களாம். "இத்தனூண்டு ஒண்ணுக்கா சார் வந்தீங்க? நூறு இருநூறு சேர்த்துக் கொண்டாங்க" என்றார் ஒருவர். பழைய கேமரா வாங்கி மூடி திறக்காமல் வைத்திருப்பவர்கள் இருந்தால் திறந்து பாருங்கள். உள்ளே இருந்தால் கையுறை போட்டு எடுங்கள், உடைக்காதீர்கள், எரிக்காதீர்கள். திருவல்லிக்கேணியில் பாயின் மேசைக்கடியில் இப்போது ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறோம். அதில் ஏழு செல் சேர்ந்திருக்கிறது.