கொள்ளுத்தாத்தா ஓட்டிய இரயில்

எங்கள் வீட்டில் ஒரு கதை நெடுநாளாக வழங்கி வருகிறது. அரக்கோணம் வழியாக முதன்முதலில் இரயில் ஓடியபோது அதை ஓட்டிச் சென்றவர் எங்கள் கொள்ளுத்தாத்தா என்பதே அது. கலியாண வீடுகளில் இக்கதையைச் சொல்லாமல் எங்கள் உறவினர் கலைந்ததில்லை. பள்ளிப் பருவத்தில் நானும் இதைப் பெருமையோடு சொல்லித் திரிந்தவன்தான். பின்னாளில் இயற்பியல் ஆசிரியனாகி, மாணவர்களின் செய்முறைக் குறிப்பேடுகளில் "பிழை எவ்வளவு?" என்று சிவப்பு மையால் எழுதத் தொடங்கிய பிறகே, அந்தக் கேள்வியை வீட்டுக் கதையிடம் ஒருநாளும் கேட்கவில்லையே என்று தோன்றியது.

கேட்டுப் பார்த்தேன். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1-இல். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை அது. அரக்கோணம் அதன் வழியில் உள்ள ஊர். என் தாத்தா பிறந்தது 1933-இல், அவர்தான் தலைப்பிள்ளை. 1856-இல் எஞ்சின் ஓட்டியவருக்கு இருபது வயதாவது ஆகியிருக்க வேண்டுமல்லவா? அப்படியானால் தலைப்பிள்ளை பிறந்தபோது அவருக்கு வயது 97! மேலும், அந்நாளில் இங்கு எஞ்சின் ஓட்டியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களே. ஒரு தாளின் பாதியில் முடிந்துவிட்ட இந்தக் கணக்கைப் போட எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறை ஆயிற்று.

கதை பொய் என்றவுடன் கைகழுவிவிட மனம் வரவில்லை. ஆயாவின் தகரப் பெட்டியைக் கிளறினேன். மதராஸ் தென் மராத்தா இரயில்வே காலத்துத் தாள் ஒன்று, மடிப்பெல்லாம் கிழிந்த நிலையில் கிடைத்தது. கொள்ளுத்தாத்தா 1927-இல் வேலைக்குச் சேர்ந்தார் என்றும், அவர் கேங்மேன் என்றும் அதில் இருந்தது. "இரயிலில் வேலை" என்பது "இரயில் ஓட்டினார்" ஆகி, அது "முதல் இரயிலை ஓட்டினார்" என்று வளர்ந்திருக்க வேண்டும். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வாயும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்கிறது.

இனி, ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். "தாது வருஷத்துப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தோம்" என்று சொல்லும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. பஞ்சம் 1876-78-இல் நேர்ந்தது. 1876 தாது ஆண்டு என்பதும் சரியே. ஆனால் அறுபது ஆண்டுகளின் பெயர்கள் சுழன்று வருவன. 1936-ம் தாது, 1996-ம் தாது. நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரத்தைப் போன்றது இது: நிமிடத்தைச் சரியாகக் காட்டும், மணியைச் சொல்லாது. பஞ்சம் என்ற இரண்டாவது குறிப்பும் உடன் வந்தால்தான் எந்தச் சுற்று என்பது தெரியும். அஃதில்லாமல் வெறும் ஆண்டுப் பெயரை நம்பினால், ஒன்றிரண்டு ஆண்டுகள் அல்ல, முழுதாக அறுபது ஆண்டுகள் தவறிப்போகும்.

"வாய்ச்சொல்லை விடுங்கள், எழுத்தில் இருப்பதை நம்பலாமே" என்பீர்கள். எங்கள் பெரியப்பா அதற்குச் சம்மதிக்கமாட்டார். அந்நாளில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்தால், வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார்கள். எட்டினால் ஐந்து வயது நிறைந்தது என்று பொருள். குழந்தை வளர வளரத் தலையைவிடக் கை வேகமாக நீளுகிறது என்பதால் இந்தச் சோதனையில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அளவுகோலாகக் கொள்ள இது மிகவும் முரட்டுக் கருவி. பெரியப்பாவின் கைக்குக் காது எட்டவும் இல்லை. இருந்தும் 1957-இல் பிறந்ததாக எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் பிறந்த அன்றே பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் தாத்தா குறித்து வைத்தது 1958. முத்திரை குத்திய பதிவேட்டுக்கு முன் பஞ்சாங்க ஓரம் செல்லுமா? ஓர் ஆண்டு முன்னதாகவே ஓய்வு பெற்றார். ஓராண்டுச் சம்பளமும் போயிற்று. எழுத்தாக இருப்பது மட்டும் போதாது. நிகழ்ச்சி நடந்தபோதே எழுதியதா, பின்னால் ஒரு தேவைக்காக எழுதியதா என்று பார்க்க வேண்டும்.

இத்தகைய குழப்பம் நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. அரக்கோணத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் இருக்கும் திருத்தணியில் பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1962 முதல் ஆசிரியர் நாளாக நாம் கொண்டாடி வருவது அவருடைய பிறந்த நாளாகிய செப்டம்பர் 5. பதிவுகளின்படி ஆண்டு 1888. அவருடைய மகன் கோபால் பெயர்பெற்ற வரலாற்றாசிரியர். தந்தையின் வாழ்க்கை வரலாற்றை 1989-இல் வெளியிட்டபோது, இந்தத் தேதி ஐயத்துக்குரியது என்றும், தாம் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே தந்தையார் கருதினார் என்றும் அவர் எழுதினார். நாடே கொண்டாடும் தேதியாயிற்றே என்று மகன் மூடி மறைக்கவில்லை. தகப்பனாரைப் பற்றி எழுதும்போது இது எளிதன்று.

ஆவலை அடக்க முடியாமல் நானும் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு தேதிகளுக்கும் இடைவெளி 351 நாள். பன்னிரண்டு அமாவாசைச் சுற்றுகளுக்கு 354 நாளுக்குச் சற்று மேல். ஆகவே நிலவின் நிலை இரு நாளிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: முதலாவது அமாவாசை கழிந்த சுமார் மூன்றாம் நாள், மற்றது அமாவாசையை ஒட்டிய நாள். "அமாவாசைப் பக்கமாகப் பிறந்த பிள்ளை" என்று வீட்டில் யாரேனும் சொல்லியிருந்தாலும் அது இரண்டுக்குமே பொருந்தும்! ஆண்டுகளின் பெயர்களோ சர்வசித்து, சர்வதாரி. காதுக்கு ஒன்றுபோலவே கேட்பவை. குழப்பம் இப்படித்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. மாதம் உதவும், ஒன்று புரட்டாசி, மற்றது ஆவணி. அன்றே எழுதிய சாதகம் ஒன்று கிடைத்தால் நட்சத்திரத்தைக் கொண்டே தீர்த்துவிடலாம்.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 97 வயதுக் கணக்கை ஆயாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல். "கணக்குப் போட்டு எங்க மாமனாரை இரயில விட்டு எறக்கிட்டியா?" என்றார். இரண்டு நாள் என்னுடன் சரியாகப் பேசவில்லை. அப்பாவுக்கும் வருத்தந்தான். மூன்றாம் நாள் ஆயாவே கூப்பிட்டார்.

"ஓட்டுனத நான் பாக்கல. எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். நான் பாத்தது வேற" என்று தொடங்கினார். அடைமழை இரவுகளில் மாமனார் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் வைத்த கைவிளக்குடன் தண்டவாளத்தைப் பார்க்கப் போவாராம். விடிந்து திரும்பும்போது உள்ளங்கால் வெளுத்து ஊறிக் கிடக்குமாம். ஒருநாள் கரை அரித்திருப்பதைக் கண்டு, வந்துகொண்டிருந்த வண்டியைச் சிவப்பு விளக்குக் காட்டி நிறுத்தினாராம். அன்று காலையில் அவர் கஞ்சி குடிக்கவே கை நடுங்கியதை ஆயா அடுப்பங்கரையிலிருந்து பார்த்திருக்கிறார்.

"எந்த வருஷம் ஆயா?"

"வருஷமெல்லாம் யாருக்குத் தெரியும்? நான் வாக்கப்பட்டு வந்த பின்னாடி, உங்கப்பன் பொறக்குறதுக்கு முன்னாடி."

ஆயாவுக்குக் கலியாணம் 1956-இல். கொள்ளுத்தாத்தா ஓய்வு பெற்றது 1961-இல். அப்பா பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. "1956-க்கும் 1961-க்கும் இடையில், சொன்னவர் ஆயா, கஞ்சிக் காட்சி நேரில் கண்டது, வண்டியை நிறுத்தியது மாமனார் சொல்லக் கேட்டது" என்று நோட்டில் எழுதி, அன்றைய தேதியையும் போட்டு வைத்திருக்கிறேன்.